அவங்க தோட்டத்துச் செடி நம்ம வீட்டில் வருமா? நடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒருவர் தோட்டத்தில் ஒரு செடி பூத்துக் குலுங்குகிறது. பார்த்த மாத்திரத்தில் ஆசை வந்துவிடுகிறது. கூடவே ஒரு சந்தேகமும்: "அவங்களுக்குக் கைராசி. நம்ம வீட்டுல வெச்சா வருமா?" தோட்டம் போட ஆரம்பித்த எல்லாருக்கும் வருகிற சந்தேகம்தான். சிலர் அதை ஒதுக்கிவிட்டு மறுநாளே அதே செடியை வாங்கி நடுகிறார்கள், சில மாதத்தில் பட்டுப்போன குச்சியைப் பிடுங்கிப் போடுகிறார்கள். வேறு சிலர் சந்தேகத்தை அப்படியே நம்பி, தங்கள் மண்ணில் அருமையாக வந்திருக்கக்கூடிய செடியைக்கூட வைக்காமல் விடுகிறார்கள். எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் வருத்தம் தருகிறது.

கைராசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வெயில், மண், தண்ணீர், செடியின் வயது. இவை நான்கையும் அளக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அங்கே இருக்கும்போதே: செடியின் காலடியைப் பாருங்கள்

பூவைப் பார்த்து ரசித்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்குங்கள். செடி தரையில் நிற்கிறதா, தொட்டியிலா? மண் ஈரமாக இருக்கிறதா, வெடித்திருக்கிறதா? சருகு, வைக்கோல் என்று ஏதாவது மூடாக்கு போட்டிருக்கிறார்களா? பின்னால் சுவர் இருந்தால் அது எந்தத் திசையைப் பார்த்த சுவர்? பகலெல்லாம் சூடு வாங்கிய சுவர் இரவில் அதைத் திரும்ப வெளியே விடும். குளிர் தாங்காத செடி அந்தச் சூட்டில் பிழைத்திருக்கலாம். மேலே மரக்கிளை இருந்தால் அதன் நிழல் எந்த நேரத்தில் விழும் என்று யோசியுங்கள். பக்கத்தில் வேறென்ன செடிகள் நன்றாக இருக்கின்றன என்றும் பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டு உங்கள் வீட்டிலும் செழிப்பாக இருந்தால், ஆசைப்பட்ட செடியும் ஒத்துவர வாய்ப்பு அதிகம்.

பிறகு தோட்டக்காரரிடம் பேசுங்கள். செடி வளர்ப்பவர்களுக்குச் செடியைப் பற்றிப் பேசச் சலிக்காது. ஆனால் "இது எப்படி இவ்ளோ நல்லா இருக்கு?" என்று கேட்டால் "சும்மா தண்ணி ஊத்துறேன், அவ்ளோதான்" என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்.

"இது எத்தனை வருஷச் செடிங்க?" இதை முதலில் கேளுங்கள். ஐந்து வருடமாக வேரோடிய செடியையும் நேற்று வாங்கிய நாற்றையும் ஒப்பிட்டு ஏமாறுவது புதியவர்கள் எல்லாருக்கும் நடக்கிறது. அடுத்து, "விதை போட்டதா, போத்து வெச்சதா, ஒட்டுச்செடியா?" போத்து என்பது வேர் விட வைப்பதற்காக வெட்டிய கிளைத்துண்டு. ஒட்டுச்செடி என்றால் மேலே பூப்பது ஒரு ரகம், கீழே மண்ணோடு போராடுவது வேறொரு ரகத்தின் வேர். அதன் கிளையை ஒடித்து நட்டால் அதே பூ வரும், ஆனால் அந்த வேரின் வலு வராது. ரோஜாவில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கலப்பின ரகமாக இருந்தால் அதன் விதையில் முளைக்கும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

"பூ இல்லாத மாசத்துல எப்படி இருக்கும்?" என்றும் கேட்டு வையுங்கள். நாம் பார்த்தது அந்தச் செடியின் மிகச் சிறந்த வாரமாக இருக்கலாம். மீதி மாதங்கள் முழுக்க மொட்டைக் குச்சியாக நிற்கும் செடியை வாசல் பக்கம் வைத்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். கடைசியாக, "இதுக்கு முன்னாடி வெச்சது ஏதாவது போயிடுச்சா?" இதற்கு வரும் பதிலில்தான் உண்மையான பாடம் இருக்கும். மூன்று செடி வைத்து இரண்டு போய், இந்த மூலையில் வைத்தது மட்டும் நின்றது என்று சொன்னால், அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

இடம் எந்த அளவுக்குச் செடியை மாற்றும் என்பதற்கு ஹைட்ரேஞ்சியா நல்ல சாட்சி. பந்து பந்தாகப் பூக்கும் இந்தச் செடியின் நீல ரகம், அமில மண்ணில் மட்டும்தான் நீலமாகப் பூக்கும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, பூ நீலமாகிறது. கார மண்ணில் அது கிடைக்காது, அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நீலப் பூவுக்கு ஆசைப்பட்டு அந்தத் தாய்ச்செடியிலேயே போத்து வாங்கி வந்திருப்பீர்கள், உங்கள் வீட்டில் ரோஸ் நிறத்தில் பூக்கும். யாரும் ஏமாற்றவில்லை. செடி ஒன்றுதான், மண் வேறு. (வெள்ளை ரகம் இப்படி மாறாது.)

வீட்டுக்கு வந்ததும்: வெயிலை எண்ணுங்கள்

"எங்க வீட்டுல நல்லா வெயில் வரும்" என்று எல்லாரும் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று மணி நேரம்தான் இருக்கும். வெளிச்சம் வேறு, நேர்வெயில் வேறு. விடுமுறை நாள் ஒன்றில் காலையிலிருந்து மாலை வரை, மணிக்கொரு முறை, ஒரே இடத்தில் நின்று முற்றத்தைப் போனில் படம் எடுங்கள். மாலையில் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும். தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர்வெயில் விழுந்தால் அது முழுவெயில் இடம். மூன்று முதல் ஆறு வரை அரைநிழல். அதற்கும் கீழே நிழல். ரோஜா, மல்லிகை, காகிதப்பூ, செம்பருத்தி எல்லாம் முழுவெயிலில்தான் நிறையப் பூக்கும். நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் வெளிச்சம் தேடி நீண்டு மெலிந்து வளரும், பூ குறைந்துபோகும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். காலை நான்கு மணி நேர வெயிலும் பிற்பகல் நான்கு மணி நேர வெயிலும் ஒன்றல்ல. அரைநிழல் கேட்கும் செடி காலை வெயிலில் சந்தோஷமாக இருக்கும், உச்சிவெயிலுக்குப் பிறகு விழும் வெயிலில் இலை ஓரம் கருகும். இன்னொன்று, சூரியன் வருடம் முழுக்க ஒரே தடத்தில் போவதில்லை. பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், ஒரு பருவத்தில் வெயில் கொட்டும் மூலை மறு பருவத்தில் சுவரின் நிழலில் கிடக்கலாம். வெப்பமண்டலப் பகுதியில் வடக்குப் பார்த்த சுவருக்கும் தெற்குப் பார்த்த சுவருக்கும் வெயில் முறைவைத்து மாறும். அதனால் ஒருநாள் கணக்கோடு நிறுத்தாமல், பருவம் மாறும்போது மறுபடி ஒரு நாள் இதே வேலையைச் செய்யுங்கள்.

மண்ணையும் வடிகாலையும் சோதியுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். புதியவர்கள் வைக்கும் செடிகள் தண்ணீர் இல்லாமல் காய்வதைவிட, தண்ணீர் தேங்கி வேர் அழுகிப் போவதை நான் அதிகம் பார்க்கிறேன்.

செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, இந்த முறை ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு இரண்டரை முதல் பத்து சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்ல மண். இரண்டரைக்கும் குறைவு என்றால் வடிகால் போதாது. லாவெண்டர், அடினியம், கற்றாழை வகைகள் அங்கே நிற்காது. பத்துக்கு மேல் என்றால் தண்ணீரோடு சத்தும் ஓடிப்போகும், ஈரம் கேட்கும் செடிக்கு அது ஆகாது.

அந்தக் குழியிலிருந்தே ஒரு பிடி மண் எடுத்து, லேசாக நனைத்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தள்ளி, பட்டை மாதிரி நீட்டிப் பாருங்கள். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல் மண். ஒரு அங்குலத்துக்குள் ஒடிந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்த நல்ல மண். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒடியாமல் நீண்டால் களிமண். விரலில் வழவழப்பு தெரியும், நெறுநெறுப்பு இருக்காது. இதே சோதனையை அவர் தோட்டத்து மண்ணிலும் ஒரு பிடி கேட்டு வாங்கிச் செய்ய முடிந்தால், இரண்டு தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் விரலிலேயே தெரியும்.

அடுத்தது கார அமிலத்தன்மை, அதாவது பிஎச். 7 என்றால் நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தோட்டச் செடிகளில் பெரும்பாலானவை 6-க்கும் 7-க்கும் நடுவே நன்றாக இருக்கும். அசேலியா, கமேலியா, புளூபெர்ரி போன்றவை 4.5 முதல் 5.5 வரை கேட்கும். 7-லிருந்து 6-க்கு வருவது ஒரு படிதானே என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. சோதனைத்தாளோ கருவியோ இல்லாவிட்டால், காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது, கார மண். புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் சிமென்ட், சுண்ணாம்பு, உடைசல் எல்லாம் புதைந்திருப்பதால் இப்படிப் பொங்குவது சகஜம். அங்கே இட்லிப்பூச் செடி வைத்தால் துளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருக்கும், கார மண்ணில் வேர் அதை எடுக்க முடியாது. தண்ணீரும் உப்புத்தண்ணீராக இருந்தால் நாளுக்கு நாள் நிலைமை மோசமாகும். அதனால்தான் அவர் என்ன தண்ணீர் ஊற்றுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். மழைநீர் சேகரித்து ஊற்றுபவரின் செடியையும் கடினநீர் ஊற்றும் செடியையும் ஒப்பிட முடியாது.

மண்ணை மாற்றலாமே என்று தோன்றும். கொஞ்சம் மாற்றலாம். மக்கிய உரம் போட்டுக்கொண்டே வந்தால் மணல் மண் ஈரம் பிடிக்கும், களிமண் இளகும். ஆனால் தரையின் பிஎச்சை நிரந்தரமாகத் திருப்புவது முடிவில்லாத வேலை. அப்படிப்பட்ட செடியைத் தொட்டியில் தனி மண்கலவையில் வைப்பதே புத்திசாலித்தனம்.

மாற்ற முடியாதவை: குளிர், சூடு, பகல் நீளம்

நீங்கள் ரசித்த தோட்டம் உங்கள் ஊர்ப்பக்கமே இருந்தால் இதை வேகமாகக் கடந்துவிடலாம். வேறு சீதோஷ்ணத்தில் பார்த்த செடி என்றால் இங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

ஆப்பிளின் பல ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். துலிப் கிழங்குக்கு மூன்று மாதம் போலக் குளிர் வேண்டும். குளிரே வராத இடத்தில் எவ்வளவு உரம் போட்டாலும் இவற்றை ஏமாற்ற முடியாது. மறுபக்கம், இரவிலும் சூடு இறங்காத பருவத்தில் தக்காளி பூவை உதிர்க்கும், காய் பிடிக்காது.

செடி விற்பவர்களும் செடி பற்றி எழுதுபவர்களும் குளிர் மண்டல எண் ஒன்றைக் குறிப்பிடுவதைப் பார்ப்பீர்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை 1960 முதல் வெளியிட்டு வரும் வரைபடத்தின் எண் அது. இப்போது அதில் 13 மண்டலங்கள். வருடத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக எந்த அளவுக்கு இறங்கும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். கோடை வெயில், ஈரப்பதம், மழை பற்றி அதில் ஒன்றும் இல்லை. எண் பொருந்திவிட்டது என்று லாவெண்டரை வாங்கிப் புழுக்கமான இடத்தில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காமல் அழுகும்.

பகல் நீளத்தைப் பலரும் யோசிப்பதில்லை. சாமந்தியும் பாய்ன்செட்டியாவும் இரவு நீளும் பருவத்தில்தான் மொட்டு வைக்கும். செடிகளுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1920-இல் வெளியிட்டார்கள். நடைமுறையில் இதன் பொருள்: இரவு முழுக்கத் தெருவிளக்கோ வாசல் விளக்கோ விழும் இடத்தில் சாமந்தி வைத்தால் பூ தள்ளிப்போகும், வராமலும் போகலாம். இருட்டான பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்துவதே மருந்து.

உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

நீங்கள் பார்த்த தோட்டத்துக்காரர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் தோட்டத்தில் இருக்கிறார், நீங்கள் வாரத்தில் ஒரு நாள்தான் இருக்க முடியும் என்றால், தினம் ஈரம் கேட்கும் செடியை விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாச் செடியும் கவனிப்பைக் கேட்பதில்லை. காகிதப்பூ மண் நன்றாகக் காய்ந்து லேசாக வாடும் நிலையில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தினம் தண்ணீரும் தழைச்சத்து உரமும் கொடுத்தால் இலைக்காடாக நிற்கும். அக்கறையாக வளர்ப்பவருக்குப் பூக்காமல், மறந்துபோனவருக்குப் பூக்கும் செடி அது. உங்கள் சுபாவத்துக்கு எது ஒத்துவரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தைகளோ பூனை நாயோ இருந்தால் நச்சுத்தன்மையையும் பாருங்கள். அரளி முழுச் செடியும் விஷம். லில்லி வகையின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வேலி தாண்டிப் பரவி ஊரை நிரப்பும் செடிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆகாயத்தாமரையை ஊதாப் பூவுக்காகக் குளம் குளமாகக் கொண்டுபோனவர்களால்தான் உலகெங்கும் நீர்நிலைகள் மூடிக் கிடக்கின்றன.

ஒத்து வராது என்று தெரிந்தால்

ஆசையை விட வேண்டாம், செடியை மாற்றுங்கள். அந்தச் செடியில் உங்களை இழுத்தது எது? நீல நிறமா, வாசனையா, தொங்கும் கிளையா, பெரிய இலையா? அது தெரிந்துவிட்டால் அதே குணத்தை உங்கள் இடத்தில் தரக்கூடிய வேறு செடியைத் தேடலாம். லாவெண்டரின் நிமிர்ந்த ஊதாக் கதிர்தான் பிடித்தது என்றால், சூட்டையும் புழுக்கத்தையும் தாங்கும் ஆஞ்சலோனியா அதே தோற்றத்தைத் தரும். வாசனை மட்டும் வராது. நீலம்தான் வேண்டும் என்றால் பிளம்பேகோ வெயிலில் மாதக்கணக்கில் பூக்கும்.

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பெத் சாட்டோ (1923–2018) என்ற தோட்டக்கலைஞரை எனக்கு இதனாலேயே மிகவும் பிடிக்கும். கார் நிறுத்தும் இடமாக இருந்த சரளைக்கல் தரையை, 1990-களின் தொடக்கத்தில், தண்ணீரே பாய்ச்சாத தோட்டமாக மாற்றினார். வறண்ட இடத்தை ஈரமாக்க முயலாமல், வறண்ட நிலங்களிலேயே பிறந்த செடிகளைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர் செய்தது. ஒரு செடியின் பூர்வீகம் எது என்று தேடிப் படிப்பது அதனால்தான் பயனுள்ள பழக்கம். காட்டு மரங்களின் அடியில் வளர்ந்ததா, பாறை இடுக்கில் வளர்ந்ததா, ஆற்றங்கரையிலா என்று தெரிந்தால், வெயிலும் தண்ணீரும் எவ்வளவு வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

வரும் போலத் தோன்றினால்: போத்து வாங்கி, தொட்டியில் சோதியுங்கள்

உடனே பெரிய செடியாக வாங்க வேண்டாம். செடி வைத்திருக்கும் தோட்டக்காரரிடமே போத்து கேளுங்கள். பென்சில் கனத்தில், நான்கைந்து கணு இருக்கும் கிளை, அரை அடி நீளம் போதும். ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள், எல்லாமே வேர் பிடிக்காது. காலையில் வெட்டுவது நல்லது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். கீழ் இலைகளை நீக்கிவிட்டு, ஈரம் வடியும் கலவையில், இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். மெதுவாக இழுத்துப் பார்த்தால் மண்ணோடு பிடித்துக்கொள்ளும் உணர்வு வந்ததும் வேர் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மண்ணோடு வேரோடு கொடுத்தால் கொஞ்சம் தயங்குங்கள். வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு அந்த மண்ணிலேயே வரலாம். போத்தாக இருந்தாலும் இலையின் அடிப்பக்கம், கணு இடுக்கு எல்லாம் பார்த்து, மாவுப்பூச்சி இல்லை என்று உறுதியான பிறகே மற்றச் செடிகளின் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்தால் நல்லது. உருவாக்கியவரின் உரிமை பதிவு செய்யப்பட்ட புது ரகங்களைப் போத்து வைத்துப் பெருக்க அனுமதி இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேர் பிடித்ததும் தொட்டிக்கு மாற்றி, நீங்கள் நினைத்த இடத்திலேயே வையுங்கள். நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்க வேண்டாம், இலை வெளுத்துக் கருகும். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். இரண்டு செடி இருந்தால் வேறு வேறு இடத்தில் வையுங்கள். தொட்டி சீக்கிரம் காயும், வேருக்குச் சூடும் குளிரும் அதிகம் ஏறும் என்பதால் தரையில் இருப்பதைவிடத் தொட்டியில் செடி கொஞ்சம் கூடுதலாகவே சிரமப்படும். அதில் ஒரு வருடம், எல்லாப் பருவமும் தாண்டி, புதுத்துளிர் விட்டுக்கொண்டே இருந்தால் வெயிலும் காற்றும் ஒத்துக்கொண்டன என்று நம்பி இறக்கலாம். பழைய இலையை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது வந்த இடத்தின் இலை. உங்கள் இடத்தில் விட்ட இலைதான் சாட்சி.

தரையில் வைக்கும்போது குழி, வேர் மண்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் மட்டும் மண்கட்டி அளவே போதும். தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். களிமண்ணில் குழியை மட்டும் உரத்தால் நிரப்புவது தவறு. சுற்றிலும் இறுகிய மண், நடுவில் இளகிய மண் என்றால் தண்ணீர் அங்கே வந்து தேங்கும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, உரத்தை மேலே பரப்புங்கள். அதன்மேல் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு, தண்டைத் தொடாமல். முதல் சில வாரம் வேர் மண்கட்டி காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு தண்ணீரை ஆழமாக ஊற்றி இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். முதல் வருடம் பூ குறைவாக இருந்தால் உரத்தைக் கூட்டாதீர்கள், அந்த வருடம் அது வேருக்காகத்தான் உழைக்கிறது. மிச்சமிருக்கும் இன்னொரு போத்தைத் தொட்டியிலேயே விட்டு வையுங்கள். தரையில் வைத்தது பட்டுப்போனாலும், கொடுத்தவரின் தாய்ச்செடிக்கே ஏதாவது ஆனாலும், அந்த ரகம் கைவிட்டுப் போகாது.